துவாய் போதாது: வன்னியில் தூசுக்குள் நின்று உழைப்பவர்களுக்கு



வவுனியாப் பக்கத்துக் கருங்கல் குவாரிகளிலும் கிறஷர்களிலும் நிற்பவர்களுக்கு, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எழும்புகிற வீடுகளில் கிரைண்டர் பிடித்து ரைல்ஸும் கொங்கிறீற்றும் கூரைச் சீற்றும் வெட்டுபவர்களுக்கு, அரிசி மில்களில் நெல் கொட்டி, உமி அள்ளி, சாம்பல் வாருபவர்களுக்கு இந்த மடலை எழுதுகிறேன். வேலை வேறு வேறாக இருந்தாலும் உங்கள் எல்லோருடைய நெஞ்சுக்குள்ளும் நாள் முழுக்கப் போவது தூசுதான். அதை மறிக்க நீங்கள் கட்டிக்கொள்வதோ கழுத்தில் கிடக்கிற துவாய், சேட்டுப்பையில் கிடக்கிற லேஞ்சி, பெண்கள் என்றால் சேலைத் தலைப்பு.

கிளிநொச்சியில் ஒரு வீட்டு வேலையில் கண்டதைச் சொல்கிறேன். யன்னல் இன்னும் பூட்டாத சின்ன அறை. உள்ளே ஒரு தம்பி குந்தியிருந்து ரைல்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். கண் மட்டும் தெரிய, துவாயை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தார். இமை மயிரெல்லாம் வெள்ளை. வெட்டி முடித்து வெளியே வந்து துவாயை அவிழ்த்து உதறினார். துவாயின் உட்பக்கம், மூக்கு இருந்த இடத்தில், சாம்பல் நிறத்தில் இரண்டு வட்டங்கள் இருந்தன. மூக்கைச் சீறினார், அதுவும் சாம்பல். “துவாய் கட்டினபடியால் தப்பினன் அண்ணை” என்றார். சுவரில் ஒரு ஆணியில் நீல நிற மாஸ்க் ஒன்று தொங்கியது, கொரோனாக் காலத்தில் நாமெல்லாம் போட்ட வகை. ஏன் போடவில்லை என்று கேட்டேன். “வேர்க்குது, மூச்சு முட்டுது.”

அந்த இரண்டு வட்டங்களும் அவர் தப்பியதற்கு அடையாளம் இல்லை. தூசு துவாயைக் கடந்து வந்த வழியைத்தான் அவை காட்டின. நீல மாஸ்க்கைப் போட்டிருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. கன்னத்தின் இரண்டு பக்கமும் அது திறந்தே கிடக்கும். மூச்சு இழுக்கும்போது காற்று சுலபமான வழியைத்தான் தேடும். துணியூடாக வராமல் ஓரத்தால் வரும்.

கண்ணுக்குத் தெரிகிற தூசுக்குத்தான் நாம் எல்லோரும் பயப்படுகிறோம். கிரைண்டரிலிருந்து புகைபோல எழும்புவதும், லொறி போனபின் கிரவல் றோட்டில் நிற்பதும் பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் அதில் பருமனான துணிக்கைகளை மூக்கு மயிரும் சளியும் பிடித்துவிடும், இருமினால் வெளியே வந்துவிடும். தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோன். நெஞ்சின் அடிவரைக்கும் போகிற துணிக்கையோ நாலைந்து மைக்ரோனும் அதற்குக் குறைவும். அதைக் கண் காணாது, துவாயின் நூல் இடைவெளியும் மறிக்காது. நீங்கள் கிரைண்டரை நிறுத்தி, புகை அடங்கிவிட்டதென்று துவாயை அவிழ்த்து, வெற்றிலை போட உட்காருகிற நேரத்திலும் அது அதே அறைக்குள் மிதந்துகொண்டிருக்கும்.

கருங்கல்லிலும், மணலிலும், அவற்றால் செய்த கொங்கிறீற்றிலும், ரைல்ஸிலும் சிலிக்கா இருக்கிறது. கல்லாக இருக்கும்வரை அதனால் ஒரு கெடுதியும் இல்லை. வெட்டும்போதும் உடைக்கும்போதும் துளைக்கும்போதும் பறக்கிற நுண்தூளாகத்தான் அது ஆளைக் கொல்கிறது. நெஞ்சுக்குள் வருகிற அந்நியப் பொருளை விழுங்கி அழிப்பதற்கென்று உடம்பில் கலங்கள் உண்டு. அவை சிலிக்காவை விழுங்கும். அழிக்க முடியாமல் தாங்களே செத்துப்போகும். செத்த இடத்தில் தழும்பு விழும். விடுபட்ட சிலிக்காவை அடுத்த கலம் விழுங்கும், அதுவும் சாகும். இப்படியே நுரையீரல் இறுகிக்கொண்டு போவதைத்தான் சிலிக்கோசிஸ் என்கிறார்கள். தழும்பை மாற்ற மருந்து இல்லை. வேலையை விட்ட பிறகும் அது வளரலாம். நுரையீரலின் உட்பகுதிக்கு நோத் தெரியாது. அதனால் பத்துப் பதினைந்து வருடம் ஒன்றுமே இல்லாததுபோல இருக்கும். பிறகு ஒருநாள், வழக்கமாகத் தூக்குகிற சீமெந்துப் பையைத் தூக்கி நாலு படி ஏறும்போது மூச்சு வாங்கும். வயது போகுதென்று நினைப்பீர்கள்.

எவ்வளவு தூசு போனால் பிழை? அமெரிக்காவில் 2016 இல் கொண்டுவந்த விதிப்படி, எட்டு மணித்தியால வேலையில் ஒரு கனமீற்றர் காற்றில் சராசரியாக 0.05 மில்லிகிராம் சிலிக்காவுக்கு மேல் இருக்கக்கூடாது. உடம்பு முறிய வேலை செய்கிற ஒருவர் அந்த எட்டு மணித்தியாலத்தில் ஏறக்குறையப் பத்துக் கனமீற்றர் காற்றை இழுப்பார். கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு அரை மில்லிகிராம் வரும். சாப்பாட்டு மேசையில் வைக்கிற தூள் உப்பில் பத்து மணியைக்கூட எட்டாத நிறை அது. பூட்டிய அறையில் தண்ணீர் இல்லாமல் கிரைண்டர் பிடித்தால் அந்த அளவைத் தாண்ட ஒரு நாள் தேவையில்லை.

சிலிக்கோசிஸ் வந்த நெஞ்சில் காசநோயும் சுலபமாகக் குடியேறும். புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச நிறுவனம் 1997 இலேயே சிலிக்காத் தூளை, மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற முதலாம் பிரிவில் சேர்த்துவிட்டது. அவுஸ்திரேலியாவில் குசினி மேசைக்குப் போடுகிற செயற்கைக் கல்லை வெட்டிய இளம் தொழிலாளர்கள் வரிசையாக நோயில் விழ, 2024 யூலை முதலாம் திகதியிலிருந்து அந்தக் கல்லையே அந்த நாடு தடைசெய்தது.

இனி மில் வேலை செய்பவர்களிடம் வருகிறேன். “நாங்கள் கல்லா உடைக்கிறம், நெல்லுத்தானே” என்று நீங்கள் சொல்லக்கூடும். நூறு கிலோ நெல்லில் ஏறக்குறைய இருபது கிலோ உமி. அந்த உமியைப் போறணைக்குள் போட்டு எரித்தால் நாலு கிலோ அளவில் சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பலில் மிகப் பெரும்பங்கு சிலிக்காதான். நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை உறிஞ்சி உமியில்தான் சேர்த்து வைக்கிறது. நெல் அவிக்க உமி எரிக்கிற மில்களில், ஆறின சாம்பலைச் சவளால் வாரி வெளியே கொட்டுபவர் யாரோ, அந்த மில்லில் முதலாவதாக மாஸ்க் போட வேண்டியவர் அவர். சூடு கூடக் கூட அந்தச் சிலிக்காவில் ஒரு பங்கு, கல்தூசைப்போலக் கெடுதி செய்கிற பளிங்கு வடிவத்துக்கு மாறக்கூடும்.

மூடையை அவிழ்த்து நெல்லைக் கொட்டுகிற இடமும் லேசானதில்லை. நெல்லோடு வயல் மண், வைக்கோல் துகள், பூஞ்சண வித்துகள், செத்த பற்றீரியாக்களின் துண்டுகள் எல்லாம் வருகின்றன. காலபோக நெல் மழையில் நனைந்து ஈரத்தோடு மூடையில் கிடந்து, பிறகு மில்லுக்கு வருகிற வருடங்களில் பூஞ்சணம் இன்னும் கூட. அப்படி ஒரு நாள் முழுக்கக் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போனபிறகு, பொழுதுபட்ட நேரத்தில் காய்ச்சலும் குளிரும் உடம்பு உளைவும் வந்து, ஒன்றிரண்டு நாளில் தானாகவே மாறியிருக்கும். “மேல் காய்ஞ்சது, பனடோல் போட்டன்” என்று விட்டுவிட்டிருப்பீர்கள். தானியத் தூசால் அப்படி ஒரு காய்ச்சல் வருவது மருத்துவம் அறிந்த விடயம். அது திரும்பத் திரும்ப வந்தால் சும்மா விடக்கூடாது. ஏற்கனவே முட்டு இருப்பவர்களுக்கு இந்த வேலை மாஸ்க் இல்லாமல் செய்கிற வேலையே இல்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்த நோயுமில்லை. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி 1700 இல் எழுதிய தொழில்நோய் நூலில் கல் வெட்டுபவர்களுக்கும் ஒரு அத்தியாயம் உண்டு, தானியம் புடைப்பவர்களுக்கும் அளப்பவர்களுக்கும் ஒரு அத்தியாயம் உண்டு. முந்நூறு வருடத்துக்கு மேலாகத் தெரிந்த சங்கதி. தெரிந்திருந்தும் தொழிலாளியிடம் சொல்லாமல் விட்டதால் வந்த சாவுகள்தான் அதிகம். 1930 இல் அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவில் ஹோக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில் மலையைக் குடைந்து சுரங்கம் போட்டார்கள். பாறையில் சிலிக்கா நிறைய. தண்ணீர் விட்டுத் துளைத்தால் வேலை சுணங்குமென்று காய்ந்த பாறையிலேயே துளை போட்டார்கள். பார்வையிட வந்த மேலாளர்கள் மாஸ்க்கோடு வந்து போனார்கள். உள்ளே நின்றவர்களுக்கு, அவர்களில் பெரும்பாலோர் தெற்கிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கறுப்பினத்தவர், ஒன்றும் கொடுக்கவில்லை. பின்னர் நடந்த காங்கிரஸ் விசாரணையில் சொல்லப்பட்ட சாவுக் கணக்கு 476. உண்மைக் கணக்கு அதைவிடக் கூட என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள்.

சரி, எந்த மாஸ்க்? என்95 என்று அச்சடித்தது, அல்லது ஐரோப்பிய முறையில் எஃப்எஃப்பி2. என்95 என்றால், பிடிப்பதற்கு மிகக் கடினமான 0.3 மைக்ரோன் அளவுத் துணிக்கைகளிலும் நூற்றுக்கு 95 ஐயாவது மறிக்கும் என்று சோதித்தது. கேஎன்95 சீன அளவுகோல். அதன் துணி நல்லதாக இருந்தாலும் காதில் கொழுவுகிற பட்டியால் முகத்தோடு இறுக்கமாக நிற்பது குறைவு. வாங்கும்போது பட்டியைப் பாருங்கள். தலைக்குப் பின்னால் போகிற இரண்டு றப்பர் பட்டி இருப்பதையே எடுங்கள்.

போடுகிற விதத்தில்தான் முழு வித்தியாசமும் இருக்கிறது. மாஸ்க்கை உள்ளங்கையில் ஏந்திக்கொள்ளுங்கள், மூக்குக் கம்பி விரல் நுனிப்பக்கம் இருக்கட்டும், பட்டிகள் கீழே தொங்கட்டும். நாடிக்குக் கீழால் கொடுத்து மூக்குக்கு மேலே கொண்டுவாருங்கள். மேல் பட்டி உச்சந்தலைப் பக்கம், கீழ்ப் பட்டி காதுக்குக் கீழால் பிடரியில். இரண்டையும் பிடரியிலேயே சேர்த்துவிட்டால் மேல் விளிம்பு விட்டுக்கொடுக்கும். கீழ்ப் பட்டி இறுக்குதென்று அதை வெட்டி எறிகிறவர்களையும் கண்டிருக்கிறேன். வெட்டின அன்றே அந்த மாஸ்க் முடிந்தது. பிறகு இரண்டு கைவிரல்களாலும் மூக்குக் கம்பியை நடுவிலிருந்து இரு பக்கமும் அழுத்திக்கொண்டு போங்கள். ஒரு கையால் நுள்ளினால் நடுவில் கூர் விழுந்து, அதன் இரு பக்கமும் ஓட்டை நிற்கும்.

இப்போது இரண்டு உள்ளங்கையாலும் மாஸ்க்கை மூடி, பலமாக மூச்சை விடுங்கள். கண்ணுக்குக் கீழே காற்றுப் பட்டால் மூக்குக் கம்பியைத் திருத்துங்கள். கன்னத்தில் பட்டால் பட்டியை இழுத்து வையுங்கள். பிறகு மூச்சை இழுங்கள். மாஸ்க் சற்று உள்ளே ஒட்ட வேண்டும். கண்ணாடி போடுபவர்களுக்குக் கண்ணாடியே சொல்லும்: புகார் பிடித்தால் மேலே ஓட்டை. காலையில் வேலை தொடங்கும்போதும், தேத்தண்ணிக்குக் கழற்றித் திரும்பப் போடும்போதும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். ஒரு நிமிடம்கூடப் பிடிக்காது.

தாடிதான் பெரிய பிரச்சினை. மீசை, மாஸ்க்கின் விளிம்புக்கு உள்ளே நின்றால் பரவாயில்லை. விளிம்பு முட்டுகிற இடத்தில் இரண்டு மூன்று நாள் வளர்ந்த குத்து மயிரே காற்றுக்கு வழிவிடும். நேர்த்திக்கு வளர்ப்பவர்களும் மார்க்கப்படி வைத்திருப்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை வழிக்கச் சொல்ல நான் ஆளில்லை. அவர்களைக் கிரைண்டருக்குக் கிட்ட விடாமல் ஈர வேலையில், தூசில்லாத வேலையில் நிறுத்துங்கள் என்று வேலை பிரிக்கிற மேசனிடமும் ஓவசியரிடமும் கேட்கிறேன்.

என்95 ஐத் தோய்க்கக் கூடாது. அதன் நூல்கள் பிடிப்பது இடைவெளி சிறிதென்பதால் மட்டுமில்லை. நூல்களில் ஏற்றப்பட்ட மின்னேற்றம்தான் நுண்துணிக்கையை இழுத்து ஒட்டவைக்கிறது. சவர்க்காரம் போட்டுக் கழுவினால் அந்த மின்னேற்றம் போய்விடும். பார்வைக்குப் புதிதுபோல வெள்ளையாக இருக்கும், வேலைக்கு உதவாது. வியர்வையில் ஊறினால், உரு மாறினால், மூச்சு இழுக்கக் கடினமானால் மாற்ற வேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நிற்பது லேசில்லை என்பதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் தூசு வேலையை விடிய வெள்ளனவும் பின்னேரமும் வைத்துக்கொண்டு, இடையில் வெளியே வந்து, காற்று வருகிற பக்கமாக நின்று கழற்றி இளைப்பாற நேரம் கொடுக்க வேண்டும். நாடியில் தொங்கவிட்ட மாஸ்க்கால் ஒரு பிரயோசனமும் இல்லை. அதன் உட்பக்கத்தில் தூசு படிந்து, திரும்ப இழுத்துப் போடும்போது நேரே மூக்குக்குள் போகும்.

மாஸ்க் காப்பாற்றாத இடங்களையும் சொல்லிவிட வேண்டும். என்95 தூசை மறிக்கும், வாயுவை மறிக்காது. தின்னர் கலந்து பெயின்ற் அடிக்கும்போது அது உதவாது. கிணற்றுக்குள் வோட்டர் பம்ப்பை இறக்கி இறைக்கும்போது எஞ்சின் புகையிலிருந்து வருகிற காபனோரொக்சைட்டுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை. எந்தத் தூசு மாஸ்க்கும் அதைத் தடுக்காது. மாஸ்க் போட்டிருக்கிறேன் என்ற துணிவில் எஞ்சின் ஓடுகிற கிணற்றுக்குள்ளோ மலக்குழிக்குள்ளோ யாரும் இறங்க வேண்டாம்.

அஸ்பெஸ்டஸ் சீற்றைக் கிரைண்டரால் வெட்டுகிற தம்பிமாருக்கும் என்95 போதாது. அதற்கு இரண்டு கன்னத்திலும் பில்ரர் பூட்டுகிற றப்பர் அரைமுக மாஸ்க், பி100 பில்ரரோடு வேண்டும். அதைவிட நல்லது கிரைண்டரை அந்தச் சீற்றில் வைக்காமலே விடுவது. சீற்றை நனைத்து, கைவாளால் மெதுவாக அறுங்கள். பழைய கூரை இறக்கும்போது உடைக்காமல், ஆணியைக் கழற்றி முழுச் சீற்றாக இறக்குங்கள். அதன் நார் நெஞ்சில் தைத்து, இருபது, முப்பது, நாற்பது வருடம் கழித்துப் புற்றுநோயாக எழும்பும். இன்று இருபது வயதில் வெட்டுகிற பிள்ளைக்கு, தன் பிள்ளைகள் கலியாணம் கட்டுகிற காலத்தில் வருகிற நோய் அது.

நீல அஸ்பெஸ்டஸை இலங்கை 1987 இலேயே தடைசெய்தது. வெள்ளை வகையையும் 2018 இலிருந்து கட்டுப்படுத்தி, பிறகு படிப்படியாக நிறுத்துவதென அரசு தீர்மானித்திருந்தது. 2017 டிசம்பரில் இலங்கைத் தேயிலைப் பொதியில் ஒரு வண்டைக் கண்டதாகச் சொல்லி ரஷ்யா தேயிலை இறக்குமதியை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸை உலகுக்கு அதிகம் விற்கும் நாடும் ரஷ்யாதான். சில நாட்களில் தேயிலைத் தடை நீங்கியது. இங்கே அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாடும் தளர்ந்தது. அந்தப் பேரம் நடந்த மேசையில் கூரை வேய்கிற தொழிலாளி சார்பில் யாரும் இருக்கவில்லை. அதை நினைக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. உங்கள் நெஞ்சைப் பற்றிய முடிவு அவ்வளவு தூரத்தில் எடுக்கப்படுகிறதென்றால், உங்கள் கைக்கு எட்டிய முடிவுகளையாவது நீங்கள் விட்டுக்கொடுக்கக் கூடாது.

கைக்கு எட்டியவற்றில் முதலாவது தண்ணீர். மாஸ்க்குக்கு முன்னால் வரவேண்டியதும் அதுதான். ரைல்ஸ் வெட்டும் இடத்தில் ஒருவர் போத்தலில் துளை போட்டுத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாலே எழும்புகிற தூசில் பெரும்பங்கு சேறாக நிலத்தில் விழுந்துவிடும். மின்சார கிரைண்டருக்குக் கிட்டத் தண்ணீர் விடுவதானால் ஈர வேலைக்கென்று செய்த கட்டரும், ஒழுக்கு மின்னை வெட்டுகிற ட்றிப் சுவிச்சும் கட்டாயம். கிறஷரில் கல் விழுகிற வாயிலும் பெல்ற் முடிகிற இடத்திலும் தண்ணீர்ப் பீச்சி பூட்ட வேண்டும். வேலை முடிந்தபின் காய்ந்த விளக்குமாற்றால் கூட்டாமல், நனைத்துக் கூட்டுங்கள். சேட்டை அங்கேயே உதறாமல், வீட்டுக்குப் போனதும் குழந்தையைத் தூக்க முன்னம் மாற்றித் தண்ணீரில் போடுங்கள்.

இரண்டாவது, மாஸ்க்குக்கு யார் காசு கொடுப்பது என்பது. வேலை கொடுப்பவர்தான் கொடுக்க வேண்டும். 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், கெடுதியான தூசு எழும்புகிற ஆலையில் தொழிலாளர் அதைச் சுவாசிக்காதபடி இயன்ற ஏற்பாடெல்லாம் செய்ய வேண்டிய பொறுப்பை ஆலை நடத்துபவர்மேல் வைத்திருக்கிறது. தொழிலால் வந்த நோய்க்கு நட்டஈடு கேட்க 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் நாட்கூலிக்கு நிற்கிற உங்களிடம் நியமனக் கடிதம் இல்லை, சம்பளத் துண்டு இல்லை. இருபது வருடம் கழித்து, இன்ன கிறஷரில் நின்றேன் என்று எதை வைத்துக் காட்டுவது? ஒரு அப்பியாசக் கொப்பி போதும். எந்த இடம், யாரிடம், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, என்ன வேலை. எழுதி, போனில் படமும் எடுத்து வையுங்கள். சம்பளம் பேசும்போதே மாஸ்க்கையும் பேசுங்கள். ஒருவர் தனியாகக் கேட்டால் “வேற ஆள் பாக்கிறன்” என்று சொல்லக்கூடும். ஆறு பேர் சேர்ந்து கேட்டால் அப்படிச் சொல்வது கடினம்.

கடைசியாக ஒன்று. இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நின்றால், சளியில் இரத்தம் கண்டால், உடம்பு மெலிந்தால், படி ஏறும்போது முன்னையைவிட மூச்சு வாங்கினால் பார்மசியில் சிரப் வாங்கிக் குடித்துக்கொண்டிருக்காமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அல்லது மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் போங்கள். சளிப் பரிசோதனைக்கும் எக்ஸ்றேக்கும் அங்கே காசில்லை. காசநோய் என்றால் வழமையாக ஆறு மாத மருந்து, அதுவும் இலவசம். டொக்டர் முன்னால் இருக்கும்போது இருமலை மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். கிளினிக்கில் சனம் கூட. அவராகக் கேட்க நேரம் இருக்காது. “நான் பன்னிரண்டு வருசம் கிறஷரில நிண்டனான்”, “நான் மில்லில சாம்பல் வாருறனான்”, “நான் சீற் வெட்டுறனான்” என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். அந்த எக்ஸ்றேயை அவர் பார்க்கிற விதமே மாறும். எக்ஸ்றேப் படத்தை வீட்டில் பத்திரப்படுத்தி, அடுத்த முறை போகும்போது மறக்காமல் கொண்டுபோங்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தழும்பு வளருகிறதா என்று சொல்ல முடியும்.

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து உங்கள் ஊரவன்